மேல் எடைக்குப் போனால்தான் மாவீரனா?

2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. விடுதி மெஸ்ஸில் பூரி ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட யாரும் வரவில்லை. ஒரே ஒரு செல்போனைச் சுற்றிப் பதினைந்து தலைகள்! அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் டெரன்ஸ் கிராஃபோர்டும் மெக்சிகோவின் கனேலோ ஆல்வரஸும் மோதிக்கொண்டிருந்தார்கள். அங்கே சனிக்கிழமை ராத்திரி, நமக்கு ஞாயிறு காலை.

பன்னிரண்டு ரவுண்டும் முடிந்து, மூன்று நடுவர்களும் கிராஃபோர்டுக்கே வெற்றி என்று சொன்னதும் மெஸ்ஸே அதிர்ந்தது. அதிராமல் என்ன செய்யும்? முந்தின போட்டியை 154 பவுண்டு பிரிவில் ஆடியவர் கிராஃபோர்டு. கனேலோவோ 168 பவுண்டுக்கு ராஜா. நடுவில் இருக்கிற 160 பவுண்டு பிரிவை அப்படியே தாண்டிக் குதித்து, 37 வயதில் அந்த ராஜாவை ஜெயித்துவிட்டார்.

"பாத்தியா! இவன்தான்டா மாவீரன். மேல போய் அடிச்சுக் காட்டணும். ஒரே எடையில உக்காந்துகிட்டு பெல்ட்டைக் கட்டிக்கிறவன்லாம் ஒரு சாம்பியனா?" என்றான் எலெக்ட்ரிக்கல் நண்பன் ஒருவன். பதின்மூன்று தலைகள் "ஆமாம்" என்று ஆடின. ஆடாத ஒரு தலை என்னுடையது. அன்றைக்குப் பூரியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். இப்போது மலர்க் குழுவினர் கட்டுரை கேட்கிறார்கள். அந்தப் பழைய பாக்கியை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல் எடைக்குப் போய் ஜெயித்தவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடலாம், தப்பே இல்லை. ஆனால் போகாதவரைக் கோழை என்பதும், போய்த்தான் ஆகவேண்டும் என்று துரத்துவதும் அநியாயம். அநியாயம் மட்டுமில்லை, ஆபத்து.

எடைப்பிரிவு எதற்கு?

நம்ம ஊர்க் கபடி டோர்னமெண்ட் நோட்டீஸைப் பாருங்கள். '60 கிலோ', '65 கிலோ' என்று மேலேயே போட்டிருப்பார்கள். எடை மெஷினில் ஏறாமல் யாரும் கோர்ட்டில் இறங்க முடியாது. கபடிக்கே அப்படி என்றால், மண்டையைக் குறிபார்த்துக் குத்துகிற விளையாட்டுக்கு எப்படி இருக்கவேண்டும்?

1909இல் லண்டனில் இருந்த நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டுப் பிரிவுகளை வரையறுத்தது. ஃபிளைவெயிட், பேண்டம், ஃபெதர், லைட், வெல்டர், மிடில், லைட் ஹெவி, ஹெவி என்று போகும் அந்த வரிசை. ஃபிளைவெயிட் என்றால் 112 பவுண்டு, நம்ம கணக்கில் ஏறக்குறைய 51 கிலோ. மிடில்வெயிட் 160 பவுண்டு, அதாவது 72.6 கிலோ. ஹெவிவெயிட்டுக்கு உச்சவரம்பே இல்லை.

நமக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு நேம் பிளேட் உண்டு. 5 ஹெச்.பி. என்று போட்ட மோட்டார் கொஞ்ச நேரம் கூடுதல் லோடையும் இழுக்கும். இழுக்கிறதே என்று தினமும் ஏற்றினால் வைண்டிங் கருகிவிடும். குத்துச்சண்டை வீரனுக்கும் அப்படித்தான். சாப்பிட்டு, பளு தூக்கிச் சதையைக் கூட்டலாம். கை நீளத்தைக் கூட்ட முடியுமா? தாடை எலும்பும் கண்குழி எலும்பும் பழைய சைஸிலேயேதான் இருக்கும். மண்டைக்குள் இருக்கிற மூளைக்கோ எடைப்பிரிவே கிடையாது!

ஏறி வென்ற சூரர்கள்

எதிர்க்கட்சியின் சாட்சிகளை முதலில் விசாரிப்போம். அவர்கள் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

முதல் சாட்சி ஹென்றி ஆம்ஸ்ட்ராங். 1937 அக்டோபரில் ஃபெதர்வெயிட் பட்டம். 1938 மே மாதம் இரண்டு படி தாண்டி வெல்டர்வெயிட் பட்டம். அதே வருஷம் ஆகஸ்டில், நடுவில் விட்டுவந்த லைட்வெயிட் பட்டமும் அவருக்கே. உலகத்தில் இருந்ததே எட்டுப் பட்டங்கள். அதில் மூன்று ஒரே சமயத்தில் ஒரே ஆள் இடுப்பில்! 1940இல் மிடில்வெயிட் பட்டத்துக்கும் மோதி 'டிரா' செய்தார்.

அடுத்தவர் மைக்கேல் ஸ்பிங்க்ஸ். லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்துகொண்டே ஹெவிவெயிட் பட்டத்தை யாரும் ஜெயித்ததில்லை என்ற நிலையை 1985 செப்டம்பரில் உடைத்தார். அவர் வீழ்த்திய லாரி ஹோம்ஸ் அதுவரை 48 போட்டியில் தோல்வியே காணாதவர். இன்னொன்று ஜெயித்திருந்தால் ராக்கி மார்சியானோவின் 49 வெற்றிக் கணக்கைத் தொட்டிருப்பார்.

பிலிப்பைன்ஸ் நாட்டு மானி பக்கியாவோவை விட்டுவிட்டுப் பேச முடியுமா? 1998இல் 112 பவுண்டில் பட்டம், 2010இல் 154 பவுண்டில் பட்டம். மொத்தம் எட்டுப் பிரிவுகள். 2008இல் தன்னைவிட எவ்வளவோ பெரிய உடம்புக்காரரான ஆஸ்கார் டி லா ஹோயாவை எதிர்த்தபோது, ரிங்கில் அடி வாங்கிச் சாவாரே என்று பலரும் பயந்தார்கள். எட்டு ரவுண்டு முடிந்ததும் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்காதவர் டி லா ஹோயாதான்!

உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் 2018இல் குரூசர்வெயிட்டின் எல்லா பெல்ட்டையும் வாங்கினார். அப்புறம் ஹெவிவெயிட்டுக்குப் போய், 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃப்யூரியைத் தோற்கடித்தார். ஃப்யூரி அவரைவிடச் சுமார் 17 கிலோ கனம். ஒரு அரிசி மூட்டையைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு வந்த ஆளை அடித்து ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் பெருமையில் ஒரு குன்றிமணிகூட நான் குறைக்கவில்லை. சரி, குறுக்கு விசாரணைக்கு வருவோம்.

படிக்கட்டு மாறிப்போச்சு

ஆம்ஸ்ட்ராங் ஏறியது எட்டுப் படி உள்ள படிக்கட்டில். ஃபெதருக்கும் லைட்டுக்கும் 9 பவுண்டு இடைவெளி, லைட்டுக்கும் வெல்டருக்கும் 12 பவுண்டு. பிற்பாடு நடுவில் நடுவில் 'சூப்பர்', 'ஜூனியர்' என்று புதுப் படிகளைச் செருகினார்கள். இன்றைக்குப் பதினேழு, பதினெட்டு பிரிவுகள். 112, 115, 118 என்று மூன்று மூன்று பவுண்டில் ஒரு படி. மூன்று பவுண்டு என்றால் ஒன்றரைக் கிலோகூட இல்லை. மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போட்டால் நம்மில் பாதிப்பேர் அன்றைக்கே ஒரு பிரிவு ஏறிவிடுவோம்!

போதாததற்கு, ஒவ்வொரு பிரிவுக்கும் பெல்ட் கொடுக்க நான்கு பெரிய அமைப்புகள். ஒரே எடையில் ஒரே சமயத்தில் நான்கு 'உலக சாம்பியன்கள்' இருக்கலாம். அந்த நால்வரில் இளைத்தவர் யாரென்று பார்த்து மேலே போய் ஒரு பெல்ட்டை வாங்கிக்கொண்டு, "நான் மூன்று பிரிவு சாம்பியன்" என்று போஸ்டர் ஒட்டவும் வழி இருக்கிறது. தன் பிரிவில் ஒரு பலசாலி வரிசையில் நிற்கும்போது "எடை ஒத்துவரலை" என்று மேலே நழுவுகிறவர்களும் உண்டு. அதற்குப் பெயர் ஏற்றமா, ஓட்டமா?

இன்னொரு சமாசாரம், சம்மத எடை. இரண்டு பேரும் பேசி நடுவில் ஒரு எடையை வைத்துக்கொள்வது. பக்கியாவோ 154 பவுண்டு பட்டத்துக்காக அன்டோனியோ மார்கரிட்டோவோடு மோதியபோது பேசிக்கொண்ட வரம்பு 150. டி லா ஹோயாவும் அந்த 2008 போட்டிக்காக 147 பவுண்டு வரம்புக்குள் இறங்கி, வற்றிப்போய்த்தான் வந்து நின்றார். பக்கியாவோ சாதாரண ஆள் என்று சொல்ல இதை எழுதவில்லை. 'எத்தனை பிரிவு' என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை அளக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏற்றம் எல்லாமே வீரத்துக்காகவும் நடப்பதில்லை. அதே பக்கியாவோ 1999இல் 112 பவுண்டு எடையைத் தொட முடியாமல் எடை மெஷினிலேயே பட்டத்தை இழந்தார். மறுநாள் ரிங்கிலும் மூன்றாவது ரவுண்டில் நாக்-அவுட். இருபது வயசுப் பையன், உடம்பு வளர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் மேலே போனது சட்டை சின்னதாகிப் போனால் பெரிய சட்டை வாங்குகிற மாதிரி. அப்படிப்பட்டவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் காய்ந்து, கீழேயே நிற்பதுதான் தப்பு.

சுவராக நின்றவர்

இப்போது என் சாட்சி. பெயர் மார்வின் ஹாக்லர். மொட்டைத் தலை, இடது கை ஆட்டம். 1980 முதல் 1987 வரை மிடில்வெயிட் சாம்பியன். பன்னிரண்டு முறை பட்டத்தைக் காப்பாற்றினார். 160 பவுண்டைவிட்டு அங்கே இங்கே அசையவில்லை.

எண்பதுகளின் நான்கு ராஜாக்கள் என்று ஹாக்லர், லியோனார்ட், டுரான், ஹேர்ன்ஸ் ஆகியோரைச் சொல்வார்கள். ராபர்டோ டுரான் 135 பவுண்டில் சாம்பியனாக இருந்தவர். 1983இல் ஹாக்லரிடம் ஏறி வந்தார். பதினைந்து ரவுண்டு தாக்குப்பிடித்துத் தோற்றார். தாமஸ் ஹேர்ன்ஸ் 154 பவுண்டு சாம்பியன். 1985 ஏப்ரலில் ஏறி வந்தார். மூன்றே ரவுண்டு, ஏறக்குறைய எட்டு நிமிஷம், கதை முடிந்தது. அந்த மூன்று ரவுண்டைப் பார்க்காத நண்பர்கள் யாராவது இருந்தால் இந்த மலரை மூடிவைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள்! ரே லியோனார்ட் 147 பவுண்டிலிருந்து ஏறியவர். 1987இல் இரண்டு நடுவர் ஒரு பக்கம், ஒரு நடுவர் மறுபக்கம் என்று ஹாக்லரிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை.

யோசித்துப் பாருங்கள். "ஹாக்லரையே சந்தித்தார்கள்" என்பதுதானே மற்ற மூவருக்கும் பெருமை? ஏறி வருகிறவன் தன் பலத்தைக் காட்ட ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவராக நின்றவனைப் பார்த்து "நீ ஏன் நடக்கலை?" என்று கேட்பது என்ன நியாயம்?

மெக்சிகோவின் ரிக்கார்டோ லோப்பஸையும் கூப்பிடுகிறேன். 105 பவுண்டு, அதாவது 47.6 கிலோ. இருப்பதிலேயே சின்னப் பிரிவு. 1990இல் பட்டம் வாங்கி 21 முறை காப்பாற்றினார். மொத்தம் 51 வெற்றி, ஒரு டிரா, தோல்வி பூஜ்யம். கடைசிக் காலத்தில் 108 பவுண்டுக்கும் போய் ஜெயித்தார். ஆனால் அவரை அந்த மூன்று பவுண்டுக்காக யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு மேல் ஒரு பிரிவையே கட்டி ஆண்டதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ஜோ லூயி 25 முறை ஹெவிவெயிட் பட்டத்தைக் காப்பாற்றினார். மேலே பிரிவே இல்லாத அவரிடம் யாராவது "ஏறிக் காட்டு" என்று கேட்டார்களா? மேலே படி இல்லாதவனுக்கு ஒரு சட்டம், இருக்கிறவனுக்கு வேறு சட்டமா?

ஏறியதன் விலை

2016 செப்டம்பரில் இங்கிலாந்தின் கெல் புரூக், தோல்வியே காணாத வெல்டர்வெயிட் சாம்பியன், இரண்டு பிரிவு தாண்டி மிடில்வெயிட்டில் கொலொவ்கினை எதிர்த்தார். தைரியமாகத்தான் ஆடினார், மறுக்கவில்லை. ஐந்தாவது ரவுண்டில் அவருடைய பயிற்சியாளர் துண்டை வீசிப் போட்டியை நிறுத்தினார். வலது கண்குழி எலும்பு உடைந்திருந்தது. எட்டு மாதம் கழித்துப் பழைய எடைக்கே இறங்கி வந்து எரல் ஸ்பென்ஸோடு மோதினார். இந்தத் தடவை இடது கண்குழி. பட்டமும் போயிற்று. 'எழுந்து நின்ற வீரன்' என்று கைதட்டியவர்கள் அடுத்த போட்டிக்கு டிக்கெட் வாங்கப் போய்விட்டார்கள்.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் என்று மலை ஏறியவர்கள் சொல்வார்கள். ராய் ஜோன்ஸ் மிடில்வெயிட்டில் தொடங்கியவர். 2003 மார்ச்சில் ஹெவிவெயிட் பட்டம் ஒன்றையே ஜெயித்தார். மிடில்வெயிட் பட்டம் பார்த்த ஒருவர் அதைச் செய்தது 1897இல் பாப் ஃபிட்ஸிம்மன்ஸுக்கு அப்புறம் அப்போதுதான். உலகமே வாயைப் பிளந்தது. ஏற்றிய சதையை எல்லாம் கரைத்துக்கொண்டு 175 பவுண்டுக்குத் திரும்பி வந்தார். முதல் போட்டியில் தட்டுத்தடுமாறி ஜெயித்தார். 2004 மே மாதம் அதே ஆன்டோனியோ டார்வரிடம் இரண்டாவது ரவுண்டில் நாக்-அவுட். பழைய ஜோன்ஸை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

இவர்களாவது உயிரோடு வீடு திரும்பினார்கள். பென்னி பாரெட்டை அவ்வளவு சுலபமாகச் சொல்லிக் கடக்க முடியவில்லை.

கியூபாக்காரர். 147 பவுண்டு வெல்டர்வெயிட் சாம்பியன். 1961 டிசம்பர் 9ஆம் தேதி, மிடில்வெயிட் சாம்பியன் ஜீன் ஃபுல்மரோடு மோத அவரை மேலே ஏற்றினார்கள். ஃபுல்மர் பாறை மாதிரி ஆள். பாரெட் அடிமேல் அடி வாங்கி, பத்தாவது ரவுண்டில் நாக்-அவுட் ஆனார். உடம்பு ஆற எவ்வளவு நாள் கொடுத்தார்கள் தெரியுமா? மூன்றரை மாதம். 1962 மார்ச் 24ஆம் தேதி நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் எமில் கிரிஃபித்தோடு தன் பட்டத்துக்காக நிறுத்தினார்கள். பன்னிரண்டாவது ரவுண்டில் மூலையில் கயிற்றில் சாய்ந்தபடி, கையைத் தூக்க முடியாமல் குத்து வாங்கினார். டெலிவிஷனில் அமெரிக்கா முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நினைவு திரும்பவே இல்லை. ஏப்ரல் 3ஆம் தேதி இறந்துபோனார். வயது 25.

கொன்றது கிரிஃபித்தின் குத்துகளா, அதற்கு முன்னாலேயே ஃபுல்மர் உள்ளே உடைத்துவைத்திருந்தாரா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் தன் எடையில் அப்போதுதான் பட்டத்தைத் திரும்பப் பிடித்திருந்த ஒருவனை 13 பவுண்டு மேலே அனுப்பி அந்த அடியை வாங்க வைத்தார்களே, அதற்கு என்ன அவசியம்? டிக்கெட் வசூலைத் தவிர?

'ஏறிக் காட்டு' என்று நாம் சொல்கிறோம். அந்தக் குரலைக் கேட்டு புரமோட்டர் பணத்தை எண்ணுகிறார். மண்டையில் வாங்குகிறவன் மட்டும் வேறு ஆள்.

நம் நாட்டுச் சாட்சி

இந்தியாவிலேயே ஒரு கதை இருக்கிறது. மணிப்பூரின் மேரி கோம் 45, 46, 48 கிலோ பிரிவுகளில் 2010க்குள் ஐந்து முறை உலக சாம்பியன். 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் முதல் தடவையாகப் பெண்கள் குத்துச்சண்டை வந்தது. ஆண்களுக்குப் பத்துப் பிரிவு. பெண்களுக்கு மூன்றே மூன்று: 51, 60, 75 கிலோ. அவருடைய எடைக்கு இடமே இல்லை! வேறு வழியில்லாமல் 51 கிலோவுக்கு ஏறினார். அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று, வெண்கலம் வாங்கினார்.

2018இல் டெல்லியில் மறுபடி 48 கிலோவில் நின்று ஆறாவது உலகப் பட்டத்தை வாங்கினார். இப்போது சொல்லுங்கள், மேரி கோம் பெரிய வீராங்கனை என்பதற்கு எது சாட்சி? 51 கிலோ வெண்கலமா, 48 கிலோ தங்கமா? என்னைக் கேட்டால் இரண்டும்தான். முன்னதில் அவர் மன உறுதி தெரிகிறது, பின்னதில் அவர் ஆட்டம் தெரிகிறது. அந்த வெண்கலம் கிடைக்காமலே போயிருந்தால் மட்டும் முந்தைய ஐந்து தங்கமும் பித்தளை ஆகியிருக்குமா?

எப்படித்தான் அளப்பது?

நான் மூன்று கேள்வி கேட்பேன். ஒன்று, தன் பிரிவில் இருந்த நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் சந்தித்தாரா, இல்லை ஒதுங்கினாரா? இரண்டு, மேலே போனவர் பெல்ட்டைத் தேடிப் போனாரா, ஆளைத் தேடிப் போனாரா? மூன்று, உடம்பு அதற்குத் தயாராக இருந்ததா, அல்லது கூட்டத்தின் கூச்சலுக்காகப் போனாரா?

ஹாக்லர் முதல் கேள்வியிலேயே பாஸ். ஸ்பிங்க்ஸும் உசிக்கும் மூன்றிலும் பாஸ். கிராஃபோர்டும் அப்படியே. 140 பவுண்டிலும் 147 பவுண்டிலும் எல்லாப் பட்டங்களையும் ஏற்கெனவே சேர்த்துக் கட்டியவர். மேலே போனபோதும் அங்கே இருந்த பெரிய ஆளையே கேட்டார். ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு லாஸ் வேகாஸில் அவர் தோற்றிருந்தாலும் எனக்கு அவர் பெரிய வீரர்தான். சுகர் ரே ராபின்சன் 1952இல் லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஏறினார். புள்ளியில் முன்னால் இருந்தும், தாங்க முடியாத வெக்கையில் சுருண்டுபோய் பதினான்காவது ரவுண்டுக்கு எழுந்து வர முடியாமல் தோற்றார். அதனால் ராபின்சன் சின்னவர் ஆகிவிட்டாரா? கனேலோவும் 2022இல் 175 பவுண்டுக்குப் போய் பிவோலிடம் தோற்றவர்தான். அதனால் 168 பவுண்டில் அவர் ஆண்ட ஆட்சி பொய்யா?

நண்பர்களே, இந்தப் பேச்சு நமக்கு ரொம்பத் தூரத்து விஷயமும் இல்லை. விசேஷ வீட்டுக்குப் போனால் பந்தியில் பக்கத்து இலை மாமா கேட்பார்: "டிப்ளமோவா? அதோட நிறுத்திடாதே தம்பி, மேல பி.இ. போடு." போடலாம். ஆசையும் வசதியும் இருக்கிறவர்கள் இரண்டாம் வருஷத்தில் நேரே சேர்ந்து படிக்கட்டும், ஜெயிக்கட்டும். நாம் கைதட்டுவோம். ஆனால் லேத்தில் ஒரு நூல் பிசகாமல் வேலை செய்கிற ஒருவன், ஒரு ஒர்க்‌ஷாப்பையே தூக்கி நிறுத்துகிற ஒருவன், மேலே போகாததால் குறைந்தவன் இல்லை. அவனும் ஒரு ஹாக்லர்தான்.

எலெக்ட்ரிக்கல் நண்பா, என் பாக்கி தீர்ந்தது. பதில் இருந்தால் அடுத்த மலரில் எழுது. பூரி சூடாக இருக்கும்போதே மெஸ்ஸுக்கு வந்தாலும் சரி, நேரிலேயே பேசிக்கொள்ளலாம்.